வீட்டை அடையாளம் காட்டியவர்

கெங்கம்மா கொண்டுவந்த காகிதத்தை எழில்மொழி மூன்றாவது முறை படித்தாள். முதல் இரண்டு முறை புரியாமல் இல்லை. புரிந்தது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட் உத்தரவோடு அமீனா வருவார். முகத்துவாரக்குப்பத்தில் கெங்கம்மா குடியிருக்கும் வீட்டுப் பூட்டைத் திறக்கச் சொல்வார். திறக்காவிட்டால் உடைப்பார். வீட்டை நீலத்திரை கன்டெய்னர் யார்டு என்கிற கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். இன்று திங்கள், மாலை ஆறு மணி. கணக்குப் போட விரல்கள் கூட முழுதாக வேண்டாம்.

“கேசுன்னு ஒண்ணு நடந்துகீதாம் கண்ணு. ரெண்டு வருசமா நடந்துகீது. எனக்கே தெரியாம என் வூடு தோத்துப்போச்சாம்,” என்றாள் கெங்கம்மா. கல்மண்டபம் மார்க்கெட்டில் முப்பது வருடமாக மீன் விற்கிறவள். ஐம்பத்தெட்டு வயது. குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை, முந்தானை நுனியை மட்டும் விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணம் ஆனதே தெரியாம டைவர்ஸ் ஆன மாதிரி கீது மேடம்,” என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

எழில் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் டீ கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தான். எழில்மொழி பதினோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஐஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஸ்டானிஸ்லாஸ் டிரெய்லர் லாரி ஓட்டி இடுப்பு போனபின் அவளிடம் வந்து சேர்ந்தவன். அவளைவிடப் பதினாலு வயது மூத்தவன், அதனால் அவள் ‘அண்ணே’ என்பாள். சம்பளம் கொடுக்கிறாள், அதனால் அவன் ‘மேடம்’ என்பான்.

“உங்களுக்குச் சம்மன் எதுவும் வரலையா? கோர்ட்லேருந்து யாராவது வந்து பேப்பர் குடுத்து, கதவுல ஒட்டி?”

“இந்தக் காயிதம்தான் மொதோ காயிதம். போன வியாழக்கெழம கோர்ட்டு ஆளு வந்தான். நானேதான் கதவத் தொறந்து வாங்கினேன். தம்பி அன்னிக்குப் பகல் டூட்டி.”

“தம்பியா?”

“பக்தவச்சலம். என்கூடத்தான் கீறான். ஒண்டிக்கட்ட. வாச்மேன் வேலை, கான்ட்ராக்ட்டுல எங்க போடறாங்களோ அங்க. அவங்கிட்ட சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன்.”

எழில் அந்தக் காகிதத்தின் தலைப்பில் இருந்த நம்பரைப் போனில், கோர்ட் இணையதளத்தில் அடித்தாள். அது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் ஈ.பி. மனுவின் நம்பர். அதைப் பிடித்து இழுத்தால் மூல வழக்கு வரும். வந்தது. 2023-இல் போட்ட வழக்கு. கெங்கம்மா வாடகைக்கு இருப்பவள், வீடு கம்பெனியுடையது, காலி செய்யச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பிரதிவாதி கோர்ட்டுக்கு வரவே இல்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒருதலையாகத் தீர்ப்பு.

“வாடகையா? என் வூட்டுக்காரர் பேர்ல பட்டா கீது,” என்றாள் கெங்கம்மா.

“பட்டாவைக் காட்ட நீங்க கோர்ட்ல இல்லையே. சம்மன் உங்களுக்கு வந்துச்சுன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. அந்தப் பேப்பர் வழக்குக் கட்டுல இருக்கும். அது பொய்னு காட்டினா தீர்ப்பையே ரத்து பண்ணக் கேக்கலாம். இணையதளத்துல அதெல்லாம் வராது. நேர்ல போய்க் கட்டைப் பிரிச்சுத்தான் பாக்கணும். உங்க நம்பர் சொல்லுங்க.”

கெங்கம்மா சொன்னாள். சேமித்துக்கொள்வதற்காக ஸ்டானிஸ்லாஸ் ஒரு மிஸ்டு கால் கொடுத்தான். போன் வீட்டில் இருந்தது போலும், இரண்டாவது மணியிலேயே ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் வந்தது. “அக்கா இல்லப்பா. லாஞ்சு வந்துகீது, மீன் ஏலத்துக்குப் போய்கீது. எப்ப வரும்னு தெரியாது.” வைத்துவிட்டது.

“சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னா ஏலம்? ஐஸ்கட்டிய ஏலம் வுடறாங்களா?” என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

கெங்கம்மா வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். “தம்பிதான். அவன் எப்பவும் அப்பிடித்தான். யார் கேட்டாலும் அதான் சொல்லுவான். சும்மா வந்து பேஜாரு பண்றவங்கள வெரட்ட நான்தான் சொல்லி வெச்சேன். வாயில ஒட்டிக்கிச்சு.”

எழில் அந்தச் சிரிப்பைக் கவனிக்கவில்லை. அவளுக்குக் கட்டின் மேல்தான் கண்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்குக் கோர்ட்டில் இருந்தார்கள். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். வடசென்னையில் ஒரு முன்சீப் கோர்ட், அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் நாளைக்கு என் வீட்டுக் கதவில் ஏதாவது ஒட்டுவார்கள்.

வழக்கில் சம்பந்தப்பட்டவர் கட்டைப் பார்வையிட மனுப் போடலாம். அதற்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று எழில் தன் சிநேகிதி மகிமாவை அழைத்திருந்தாள். மகிமா வக்காலத்தில் கெங்கம்மாவின் கையெழுத்தை வாங்கினாள். ரெக்கார்டு ரூம் மாடியில். கெங்கம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் கீழே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மூவரும் ஏறினார்கள்.

ரெக்கார்டு ரூமில் பிராங்கிளின் இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரிக்குக் கண்ணாடி மாட்டினால் பிராங்கிளின்.

“அந்தக் கட்டு இல்லம்மா,” என்றார்.

“பாத்தீங்களா சார்?”

“பாக்காமலே தெரியும். இல்ல.”

மகிமாவின் முகம் விழுந்தது. காணாமல் போன கட்டைத் தேட ஒரு மாதம் ஆகும், வெள்ளிக்கிழமைக்கோ மூன்று நாள்தான். எழில் மட்டும் நகரவில்லை.

“சரிதான் சார். நீங்க பொய் சொல்லல. ஈ.பி. நடந்துட்டு இருக்கிற வழக்கோட கட்டு ரெக்கார்டு ரூம்ல எப்படி இருக்கும்? அந்த செக்‌ஷன் மேஜைக்குப் போயிருக்கும். எங்க இருக்குன்னு நான் கேக்கல. அது என் தப்பு.”

பிராங்கிளின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குமாஸ்தாவா இருந்தீங்களோ?”

“பதினோரு வருஷம்.”

“அதான் பாத்தேன்.” எழுந்துபோய் அடுத்த அறையிலிருந்து கட்டை எடுத்துவந்தார். பார்வையிடும் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். “கையெழுத்துப் போடுங்க. என் முன்னாடிதான் பாக்கணும். போட்டோ கூடாது. பேனா கூடாது, பென்சில்ல குறிப்பு எடுத்துக்கலாம்.”

எழில் கையெழுத்துப் போடப் போனவள் நின்றாள். அவளுக்கு மேல் வரியில் இன்றைய தேதி. நேரம் பத்து ஐந்து. அதே வழக்கு நம்பர். நீலத்திரை யார்டு வக்கீலின் குமாஸ்தா.

“இவரு அடிக்கடி வருவாரா சார்?”

“தீர்ப்பு ஆனப்புறம் இன்னிக்குத்தான். வந்தாரு, கட்டு பத்திரமா இருக்கான்னு பாத்தாரு, போனாரு.”

தீர்ப்புக்குப் பிறகு எட்டிப் பார்க்காதவருக்கு இன்று காலை என்ன அக்கறை? நேற்று மாலை ஆறு மணிக்கு ஐஸ் கடை மாடியில் பேசிய விஷயம், இன்று பத்து மணிக்குள் எதிரிக்கு எட்டியிருக்கிறது. அந்த அறையில் இருந்தது மூன்று பேர். அதில் வீட்டைப் பறிகொடுக்கிறவள் ஒருத்தி. இன்னொருத்தி எழில்.

எழில் மெல்லத் திரும்பி ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கற?” என்றான் அவன். ‘மேடம்’ காணாமல் போயிருந்தது.

“நீங்க லாரி ஓட்டினப்போ எந்தெந்த யார்டு?”

“எல்லா யார்டும்தான். நீலத்திரையும் ஓட்டிகீறேன், ஒரு வருசம். அதுக்கு இன்னா இப்ப?” அவன் குரல் தணிந்தது. “நான் கலீஜான ஆளுதான் மேடம். வாய் நீளம். ஆனா ஒரு மீன்காரம்மா வூட்ட வித்துத் துண்ற அளவுக்குப் போவல.”

எழிலுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சந்தேகம் போகவில்லை. இந்தத் தொழிலில் வெட்கத்துக்காகச் சந்தேகத்தை விட்டவர்கள் உருப்பட்டதில்லை. கட்டைப் பிரித்தாள்.

வழக்கு மனு, ஆவணப் பட்டியல், வக்காலத்து. நடுவில் இருந்தது அவர்கள் தேடிய காகிதம். சம்மன் கொண்டுபோன அமீனாவின் அறிக்கை. பீம்ராவ் என்று கையெழுத்து. எழில் தணிந்த குரலில் படித்தாள்.

“20.4.2023 வியாழக்கிழமை காலை 11 மணிக்கு மேற்படி விலாசத்துக்கு நேரில் சென்று விசாரித்ததில், பிரதிவாதி வீட்டில் இல்லை என்றும், லாஞ்சு வந்திருப்பதால் மீன் ஏலத்துக்குப் போயிருப்பதாகவும், எப்போது திரும்புவார் என்று தெரியாது என்றும் தெரிவிக்கப்பட்டது. எனவே சம்மன் நகலைத் தெருக்கதவில் ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவரிடம் கையெழுத்துப் பெற்றுக்கொண்டேன்.”

“இன்னா தேதி சொன்ன?” என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

“ஏப்ரல் இருபது.”

“லாஞ்சு எப்பிடி மேடம் வரும்? ஏப்ரல் பதினஞ்சுலேருந்து ரெண்டு மாசம் மீன்புடி தடைக்காலம். காசிமேட்டுல ஒரு லாஞ்சு கயிறு அவுக்காது. கட்டி வெச்சுப் பெயின்ட் அடிச்சுகினு இருப்பாங்க.” மேஜையை ஆள்காட்டி விரலால் தட்டினான். “இந்த ஆளு அந்தப் பக்கமே போவல. எங்கயோ டீக்கடையில குந்திகினு கதை எழுதிகீறான்.”

எழிலுக்கு அப்படித் தோன்றவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கதை எழுதுகிறவன் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று ஒரு வரியில் முடித்திருப்பான். லாஞ்சு, ஏலம் என்றெல்லாம் இழுக்க மாட்டான். அந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று நினைவு வந்தபோது அறிக்கையை மறுபடி மேலிருந்து படித்தாள்.

“கையெழுத்து எங்க?” என்றாள் மகிமா.

அடையாளம் காட்டியவர் கையெழுத்து இடது ஓரத்தில்தான் வாங்குவார்கள். அந்த ஓரத்தில்தான் கட்டின் கயிறு கோத்திருந்தது. காகிதம் மடங்கி உள்ளே போயிருந்தது. வெளியே தெரிந்தது ஒரு சுழியின் வால் மட்டும்.

“கயிற அவுக்கணும்னா சிரஸ்தார்கிட்ட கேக்கணும்,” என்றார் பிராங்கிளின். “மதியம் வாங்க.”

பீம்ராவ் கீழே அமீனாக்களின் அறையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வியாசர்பாடிக்காரர். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். தடைக்காலம் என்று எழில் ஆரம்பித்ததுமே பொட்டலத்தை மூடினார்.

“லாஞ்சு வந்துச்சா வரலையான்னு ஆராயறது என் வேலை இல்லம்மா. அங்க சொன்னத எழுதறது என் வேலை. நான் கடல் பக்கம் போறதே சம்மன் குடுக்கத்தான்.”

“நீங்க போகவே இல்லைன்னு ஒருத்தர் சொல்றார்.”

“எவன் சொல்றது?” பெரியவர் அலமாரியிலிருந்து பழைய டைரி ஒன்றை எடுத்துத் தேதியைப் பிரித்துக் காட்டினார். பஸ் நம்பர் முதல் எழுதியிருந்தது. “அந்த வூட்ட நான் மறக்க முடியாதும்மா. பின்பக்கத்துலேருந்து கருவாட்டு வாசம். எங்க வூட்டம்மாவுக்குக் கருவாடுன்னா உசிரு. கால் கிலோ கெடைக்குமான்னு அந்த ஆளக் கேட்டேன். பின்னாடி போய்ப் பாக்கட்டுமான்னு கூடக் கேட்டேன். யாரும் இல்ல, இன்னொரு நாள் வாங்கன்னு கையப் புடிச்சு ரோடு வரைக்கும் கொண்டாந்து வுட்டான்.”

“எந்த ஆளு?”

“வூட்ட காட்டினவன். கம்பெனிக்காரங்க கூட வந்தாங்க, ஆனா வாசல்ல நின்னு பேசினது அவன்தான். சட்டையில யார்டு பேர் போட்டிருந்தான். பேரு நெனவு இல்ல. கையெழுத்துல இருக்கும், பாருங்க.”

வெளியே வந்ததும் ஸ்டானிஸ்லாஸ் நின்றுவிட்டான். அவனுக்கும் நேற்றைய போன் குரல் இப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது.

“மேடம்,” என்றான். “வெளியாள் பொய் சொன்னா யோசிச்சு சொல்லுவான். தடைக்காலம்னு பாத்து சொல்லுவான். இது யோசிக்காம வந்த பொய்.”

“ஆமாண்ணே. காலைல உங்களை அப்படிப் பாத்திருக்கக் கூடாது.”

“பரவால்ல. நான் கூட ஒரு நிமிசம் உன்னை சந்தேகப்பட்டேன்.”

இரண்டு மணிக்கு, கோர்ட் அலுவலகத் தலைவரான சிரஸ்தார் தலையசைத்தார். பிராங்கிளின் கயிற்றைத் தளர்த்தினார். எழில் மடிப்பை நிமிர்த்திப் பெயரைப் படித்தாள், விலாசத்தைப் படித்தாள், இரண்டையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள். சான்றிட்ட நகலுக்கு மகிமா அவசர மனுப் போட்டாள். நாளை மாலை கிடைக்கும் என்றார் பிராங்கிளின். சொல்லும்போது கொஞ்சம் மனிதராகவே தெரிந்தார்.

கீழே கெங்கம்மா அதே பெஞ்சில் இருந்தாள். எழில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தடைக்காலத்துல நீங்க என்ன பண்ணுவீங்க?”

“வூட்டுப் பின்னால கருவாடு காய வெப்பேன். காலைலேருந்து பொழுது சாயற வரைக்கும் அங்கதான். நவுந்தா காக்கா எத்துகினு பூடும். ஏன் கண்ணு?”

எழில் குறிப்பை எடுத்து அந்த வாக்கியத்தைப் படித்தாள். வீட்டில் இல்லை. லாஞ்சு வந்திருப்பதால் ஏலத்துக்குப் போயிருப்பதாக. எப்போது திரும்புவார் என்று தெரியாது.

கெங்கம்மாவின் கை முந்தானையை விட்டது. கோர்ட் வாசலில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே பார்த்தாள்.

“கீழ பேரும் எழுதிகீற இல்ல?”

“ஆமா.”

“அத்த படிக்காத கண்ணு.”

எழில் காகிதத்தை மடித்தாள். துப்பைக் கண்டுபிடித்தால் சந்தோஷம் வரும் என்று இந்தத் தொழிலுக்கு வந்தவள் அவள். அன்றைக்கு வரவில்லை.

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஒளித்துப் பயனில்லை. தீர்ப்பை ரத்து செய்யும் மனுவோடு, வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தும் மனுவும் நாளைக்கே போட வேண்டும். வெறுமனே சம்மன் வரவில்லை என்று கெங்கம்மா சொன்னால், அமீனாவின் அறிக்கைக்கு முன் அது நிற்பது கஷ்டம். அடையாளம் காட்டியவரே வந்து, நான் சொன்னது பொய், அக்கா பின்பக்கம்தான் இருந்தாள், கதவில் ஒட்டியதை நான்தான் கிழித்தேன் என்று சத்தியப் பத்திரம் கொடுத்தால் நிற்கும். கொடுத்தால் அவன் வேலை போகும். அவன்மேல் கேஸ் கூட வரலாம்.

“வரச் சொல்லு,” என்றாள் கெங்கம்மா.

நாலு மணிக்கு பக்தவச்சலம் வந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். டூட்டியிலிருந்து நேராக வந்திருந்தான், நீலச் சட்டை. மகிமாவின் மேஜை, மரத்தடியில். அதன்மேல் டைப் அடித்த இரண்டு பத்திரங்கள் இருந்தன.

“இன்னாக்கா, காயிதம் எதுனா கெடச்சிதா?” என்றான். கேட்டபடியே எல்லார் முகத்தையும் பார்த்தான். ஸ்டானிஸ்லாஸின் முகத்தில் கிண்டல் இல்லாததைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“பர்மனென்ட் பண்றோம்னு சொன்னாங்கக்கா,” என்றான், யாரும் கேட்காமலே. “பன்னண்டு வருசமா கான்ட்ராக்ட்டுல நின்னுகினு கீறேன். வூட்ட காட்டு, ஒரு கையெழுத்துப் போடு, அவ்ளோதான்னாங்க. காலி பண்ற அளவுக்குப் போவும்னு எனக்குத் தெரியாது. ஒட்டினதக் கிழிச்சிட்டேன், அப்பால சொல்ல பயமாப் பூச்சி.”

“நேத்து நான் இவங்கள பாக்கப் போனத அவங்களுக்கு சொன்னது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் பின்னாலதான இருந்தேன் பக்தா,” என்றாள் கெங்கம்மா. “இருவது அடி. ஒரு கொரல் குடுத்திருந்தா வந்திருப்பேன். எனக்கு இன்னும் அதான் ஆறல. வூடு போறது கூட அப்பால.”

அவன் அழுதான். பெரிய ஆண்பிள்ளை கோர்ட் வாசலில் நின்று அழுதான், போகிற வருகிற வக்கீல்கள் பார்த்துவிட்டு நடந்தார்கள். அந்த இடத்தில் அது புதிது இல்லை.

கெங்கம்மா தன் மனுவை இழுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு இரண்டாவது பத்திரத்தை அவன் பக்கம் தள்ளினாள், பேனாவை நீட்டினாள்.

“வேலை பூடும்கா.”

“பூடும்.”

“போலீஸ் கேஸ் கூட ஆவும்.”

“ஆவட்டும். சோறு நான் எடுத்துகினு வரேன்.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “போடு. அன்னிக்கு யாருக்கோ போட்ட இல்ல, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போடு.”

பக்தவச்சலம் பேனாவை வாங்கினான். பத்திரத்தின் கீழே போட்டான். கட்டின் ஓரத்தில் இருந்த அதே கையெழுத்து.